புத்தகம் திறந்த அப்போதிக்கரி

சலாலா
14.02.1982

அன்புள்ள மகள் பத்மாவதிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நான் நல்ல சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அப்போதிக்கரிப் படிப்பு முடித்து டிஸ்பென்சரிக்குப் போய் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன் என்கிறாய். நோயாளிக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்தாயாம், புத்தகம் பார்த்து மருந்து குடுக்கிற பிள்ளை என்று ஊர் சிரித்ததாம், நீ அறைக்குள் போய் அழுதாயாம். வாசிக்க எனக்கும் கண் கலங்கியது, பிறகு சிரிப்பும் வந்தது, ஏன் என்று சொல்லுகிறேன் கேள்.

எங்கள் காம்ப் கிளினிக்குக்கும் புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறார், சுஐபு என்று பெயர், கீழக்கரைப் பக்கம், உன் வயதுதான் இருக்கும். டாக்டர் இல்லை, உன்னைப் போல உதவி வைத்தியர்தான். முந்தி இருந்தவர் தலை நிமிராமல் எல்லாருக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, கலாஸ், முடிந்தது போ என்று அரபியில் சொல்லி அனுப்பிவிடுவார், நாங்களும் கெட்டிக்காரன் என்று மெச்சினோம். இவரோ முதல் கிழமை வயிற்றுக்குத்து என்று சொன்னவன் எல்லாருக்கும் லீவு எழுதிக் கொடுத்தார், பத்தொன்பது பேர் ரூமில் இருந்து கடதாசிக் கட்டைப் பிரித்துப் போட்டு விளையாட, சைட்டில் போர்மன் துள்ளிக் குதித்தான். இவரும் புத்தகம் பார்ப்பார். காம்பே சிரித்தது, பெரிதாகச் சிரித்தது சமையல்காரனான உன் அப்பாதான்.

போன மாதம் சோறு வடிக்கையில் கொதிகஞ்சி என் இடக்காலில் கொட்டிவிட்டது. தோல் உரிந்தும் நோகவில்லை, பருத்தித்துறைக்காரன்ரை காலைப் பாருங்கோ என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். மருந்து பூச மட்டும்தான் கிளினிக்குக்குப் போனேன். நோகவில்லையா என்று சுஐபு இரண்டு தரம் கேட்டார், பிறகு கண்ணை மூடுங்கண்ணே, பஞ்சால தொடும்போது சொல்லுங்க என்றார். மூடிக்கொண்டு இருந்தேன், இருந்தேன், எப்ப தம்பி தொடப்போறீர், அடுப்பில கறி கிடக்குது என்றேன். ஆறு தரம் தொட்டாச்சுண்ணே என்றார். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரையா இருக்கலாம், நான் படிச்சது இதுக்குப் பத்தாதுண்ணே, பெரிய டாக்டர் பாக்கட்டும் என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்று போர்மன் சொல்லியும் விடாமல் அன்றே வண்டி பிடித்துத் தானும் கூட வந்தார். பத்து நாள் பிந்தியிருந்தால் விரல்களை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது புண் ஆறிவிட்டது, குளிசை போடுகிறேன், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, அதுதான் பெரிய துக்கம்.

ஆகையால் பிள்ளை, அந்த ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போடு. என்னோடு காம்பில் இருக்கும் சிவகுருநாதன் லீவில் ஊருக்கு வருகிறார், புத்தகத்துக்கு உறை போடத் தடித்த பிளாஸ்டிக் கொடுத்துவிடுகிறேன். மேசை லாச்சிக்குள் போட்டு மூடி ஒளிக்காமல் மேலே எல்லாரும் பார்க்க வை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவனுக்கும் கால் இருக்கிறது.

சந்நிதி முருகன் உன் கைக்குத் துணை இருப்பான், நீண்ட ஆயுளோடு நல்லாயிரு. என் கால் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே. ஆனால் அவளும் கொஞ்ச நாளாகக் கால் விறைக்கிறது என்று எழுதுகிறாள். நீ வீட்டுக்குப் போனதும் அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார். ஏன் என்று கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்.

இப்படிக்கு,
பத்து விரலோடும் இருக்கும் உன் அப்பா,
வல்லிபுரம்