திரும்பி வந்த மருந்துப் பாட்டில்

நேற்றுக் காலையில் உன் அண்ணன் பந்தல்குடியிலிருந்து வந்து, நீ கொண்டுபோன மருந்துப் பாட்டிலை என் மேசையில் வைத்தார். பாதி மருந்து அப்படியே இருக்கிறது. வேளைக்கு இவ்வளவு என்று நான் கத்தரித்து ஒட்டிய காகிதப் பட்டைகூட உரியவில்லை. "தங்கச்சி போயிருச்சு தாயி. பாட்டில் ஆசுபத்திரிது, குடுத்துருன்னு ஆத்தா சொல்லுச்சு" என்றார். அவர் போனபின் தக்கையைத் திறந்தேன். குப்பென்று அடித்தது வாடை. நாம் இருவரும் முதன்முதலாக இந்த ஆசுபத்திரி வாசலில் நின்றபோது அடித்த அதே கசப்பு வாடை.

அப்போது உலகச் சண்டைக்காலம். டாக்டர் அருப்புக்கோட்டையில் புதிதாக ஆசுபத்திரி வைத்திருந்தார். நெசவுத் தெருப் பெண்கள் கம்பவுண்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் வாசலில் உட்கார ஒரு பெண் வேண்டும் என்றார். எட்டாங்கிளாஸ் முடித்த நம் இருவரையும் கூப்பிட்டார்கள். கொஞ்சநாள் பழக்கிப் பார்த்து ஒருத்தியை வைத்துக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு அந்த நாற்காலி ஆசை. தறியில் உட்கார முடியாத தகப்பனை வைத்துக்கொண்டிருந்த உனக்கு அது சோறு.

உனக்குத்தான் அது கிடைத்திருக்க வேண்டும். தலைவலி என்று வருகிற பெண்ணிடம் குனிந்து நெசவுத் தெருவின் தெலுங்கில் ரெண்டு வார்த்தை கேட்பாய். அவள் வீட்டில் சொல்லாததையும் உன்னிடம் சொல்லிவிடுவாள். எனக்கு அந்த வாகு இன்றுவரை வரவில்லை.

நமக்குப் பழக்கிக் கொடுத்தது டாக்டரின் மனைவி, மதராஸ்காரம்மா. வருகிறவர்களைக் கும்பிட வேண்டும், போகிறவர்களிடம் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதையாம். நீ அன்றைக்கே சொன்னாய். "கல்யாண வீட்டுல சொல்லலாம்மா. ஆசுபத்திரி வாசல்ல சொன்னா, மறுக்கா நோயோட வான்னு ஆயிரும். அடிக்க வந்துருவாக."

"இந்தப் பட்டிக்காட்டுப் பேச்செல்லாம் இங்க வேண்டாம். சொன்னபடி செஞ்சா வேலை, இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்" என்றார் அந்த அம்மா.

நாம் அதை வாய்க்குள்ளேயே முனகி ஒப்பேற்றினோம். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நெசவாளி வெளியேறிய அன்றைக்கு அந்த அம்மா உன் பின்னாலேயே நின்றார். "சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னாய். அந்த மனிதர் திரும்பி உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த வாரமே பிள்ளை இறந்துபோனது. தெருவே திரண்டு வந்தது. "இவ வாய் வச்சா, எம்புள்ள போச்சு!" என்று அவர் மண்ணை வாரி இறைத்தார். முற்றிய பிறகுதான் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும். அவர் அறையை விட்டே வெளியே வரவில்லை. அந்த அம்மாவோ கூசாமல், "நான் அப்படிச் சொல்லித் தரவே இல்லையே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். "சும்மா இரு புள்ள. ரெண்டு பேரும் வெளிய போயி என்னத்தக் காணப்போறோம்?" முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாய். படித்தவர்கள் செய்த காரியத்துக்கு நீ தண்டம் கட்டினாய். அதற்குப் பிறகு ஊரில் எந்தத் தறி வீட்டிலும் உனக்கு நூல் சுற்றக்கூடக் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு பந்தல்குடிக்குப் போய் வெயிலில் பருத்தி எடுத்தாய். நீ போன மறுநாளே அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே யாரையும் அப்படிச் சொல்லி அனுப்பாதே, இது என் உத்தரவு" என்றார். நான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

போன மாதம் இருமிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினாய். எல்லாரையும் போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மருந்து வாங்கிக்கொண்டு வாசலில் நின்று "வாரேன்" என்றாய். சொல்லிவிட்டுப் போகவும் இல்லை, என் முகத்தையே பார்த்தாய். நீ எதை எதிர்பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நான் 'போயிட்டு வா' என்று சொல்லாதது அந்த அம்மாவின் உத்தரவுக்காக இல்லை. உனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். நீ சிரித்தாய்.

"நல்லாத்தான் பழகிட்ட, புள்ள."

அந்தப் பிள்ளையிடம் சொன்னோம், செத்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டேன், நீயும் செத்தாய். அந்த வார்த்தையில் ஒன்றுமே இல்லையடி. இதை இப்போது எந்தத் தெருவைக் கூட்டி நான் சொல்ல?

பாட்டிலுக்குத் தட்டுப்பாடு, கழுவிக் கொடு என்று கம்பவுண்டர் கேட்கிறார். கொடுக்க மாட்டேன். இன்று பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது எழுந்து வாசலுக்குப் போனேன். பந்தல்குடிப் பாதையைப் பார்த்து நின்று, சத்தமாகவே சொன்னேன், "போயிட்டு வா, புள்ள."

பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. உள்ளேயிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.