கனத்த கண்ணும் கறுப்புக் கண்ணாடியும்

பிப்ரவரி 9, புதன்

தடுப்பூசி நாள். ஒரு குழந்தைகூட வரவில்லை. சந்தைக்குப் போன தாய்மார்கள் எல்லாரும் எங்கள் மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் போனார்கள். முதுகில் கட்டிய பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, "வர்றோம் நர்ஸக்கா, வர்றோம்" என்று சிரித்துக்கொண்டே ஓட்டம். பதினோரு வருடம் இந்த மலையில் மாரடித்ததற்கு நல்ல மரியாதை.

ஆன்செல்மோ காப்பி போட்டுத் தந்தார். சாக்கடை நாற்றம். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் போடுகிறார். என் மூக்கு இப்போதுதான் விழித்துக்கொண்டது போல.

பிப்ரவரி 11

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குன்றில் கக்குவான் இருமல். ஒரு பிள்ளை போய்விட்டது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம். இங்கே குளிர்பெட்டியில் ஊசி மருந்து சும்மா கிடக்கிறது.

பிப்ரவரி 12

எங்கள் வீட்டு டாக்டர் ஐயா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மக்களுக்கு விழிப்புணர்வு போதாதாம்! நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு சுவரொட்டி வரைந்தார் — பல்லை இளிக்கும் ஊசி, அதைக் கட்டிப்பிடிக்கும் குழந்தை. குவாத்தமாலா நகரத்தில் பிறந்த புருஷனைக் கட்டினால் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். மக்காச்சோளம் விற்கும் தாலின் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டாக்டரய்யா, இது புள்ளயக் கடிக்குமா, முழுங்கிருமா?"

பிப்ரவரி 16

வெளிநாட்டுப் புண்ணியவான்களிடமிருந்து பெட்டி வந்தது. இருமல் மருந்து கேட்டிருந்தோம். அனுப்பியது கறுப்புக் கண்ணாடி. பெட்டி நிறைய! இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது, கண்ணாடி எதற்கு? "யாருக்காவது உதவும்" என்கிறார் ஆன்செல்மோ. என்னையும் அப்படி நினைத்துத்தான் கட்டினாரோ என்னவோ.

இன்றும் குழந்தைகள் இல்லை. சந்தையில் நின்றபடியே ஒரு கூறு புளிப்புக் காயை உப்புத் தொட்டுத் தின்று தீர்த்தேன். எல்லாம் ஆத்திரம்தான்.

பிப்ரவரி 21

வீடு வீடாகப் போனேன். கதவு திறக்கிறது, தாய் நிற்கிறாள், பிள்ளையை மட்டும் காணோம். "தூங்குது நர்ஸக்கா." "அத்த வீட்டுக்குப் போயிருக்கு." ஒரு வீட்டில், அத்தை வீட்டுக்குப் போன பிள்ளை உள்ளே இருமியது.

நான் என்ன பேயா? இதில் பாதிப் பிள்ளைகளை என் கையால் வாங்கியிருக்கிறேனே! என்ன குத்தம் செஞ்சேன்? வழி நெடுக அழுதேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. பைத்தியம்.

பிப்ரவரி 23

தாலின் வந்தாள். உள்ளே வரவில்லை. பிள்ளையைச் சால்வைக்குள் திணித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள்.

"நர்ஸக்கா, கோவிச்சுக்காத. ஒங்கண்ணு கனத்துப் போச்சு. நீ பாத்தா புள்ளைக்கு ஆகாது."

"எங்கண்ணுக்கு என்னடி கேடு?"

"கண்ணுக்கு என்ன, வயித்துலல்ல விசயம். ஊரே பேசுது. ஒனக்கே தெரியாதா?"

கர்ப்பிணியின் பார்வை சூடு, கைக்குழந்தையைத் தாக்கும், சிவப்புத் தொப்பி போட்டால் கொஞ்சம் தணியும் — மொமோஸ்தெனாங்கோவில் பிறந்த எனக்கா இது தெரியாது? எங்கள் கீச்சே இனத்து ஊர்கள் எல்லாவற்றிலும் உள்ள பேச்சுதானே. ஆனால் மூன்று கரு கலைந்து, "இனி இல்லை" என்று பெரிய டாக்டர் கைவிரித்த பிறகு, நாற்பத்தொரு வயதில் அதை எனக்கு நானே பொருத்திப் பார்ப்பேனா?

பரிசோதனைப் பட்டை எங்கள் அலமாரியிலேயே இருந்தது. இரண்டு கோடு. ஆன்செல்மோ அப்படியே பின்னால் போய்க் குழந்தைகளை எடை போடும் தராசின் மேல் உட்கார்ந்துவிட்டார். தராசு போச்சு. ஊருக்கே வைத்தியம் பார்க்கும் தம்பதியாம் நாங்கள்!

பிப்ரவரி 24

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

மார்ச் 2

இன்று ஆன்செல்மோ ஊசி போடுவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்கு ஊசி போட்டு எத்தனையோ வருடமாகிறது அவருக்கு. கை உதறுவதைப் பார்த்துத் தாய்மார்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், திருடிபோல.

தாலின்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏன் நர்ஸக்கா, இதப் போட்டு மூடிக்கிட்டா என்ன? அப்புறம் ஒவ்வொரு புள்ளயவும் ஒரு தரம் தூக்கிக் கொஞ்சிரு. பாத்த சூடு எறங்கிரும்."

போட்டுக்கொண்டேன். கண்ணாடிக்குள் அறை இருட்டுதான். குழந்தையின் தொடை தெரிந்தது, அது போதும். வரிசை சந்தை வரைக்கும் நீண்டது.

"சபேலா, அறிவியல்படி இதுக்கு ஆதாரமே இல்ல" என்றார் ஆன்செல்மோ.

"உங்க சுவரொட்டிக்கு இருந்துச்சாக்கும்?"

மார்ச் 9

மருந்து தீர்ந்துவிட்டது. கக்குவான் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

செப்டம்பர் 14

பெண். கத்துகிறாள். கத்தட்டும், கத்தட்டும்.

அக்டோபர் 12

கண்ணாடி அனுப்பிய புண்ணியவான்களில் ஒரு அம்மாள் நேரிலேயே வந்தாள். நல்ல மனுஷி. ஏழு மாத வயிறு. தொட்டிலில் குனிந்து, "எவ்ளோ அழகு!" என்றாள்.

நான் முறையாகப் படித்த நர்ஸ். இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. மேஜைமேல் இருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டேன்.

"இங்க வெயில் ஜாஸ்தி" என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆன்செல்மோ வாயைத் திறந்தார். சரி, அறிவியல் வருகிறது என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து, மகளின் சிவப்புத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டார்.