புகார் கொடுத்தது யார்?

அன்புள்ள கணவருக்கு,

கசபிளாங்காவில், அக்கா வீட்டில் தூக்கம் வருகிறதா? விசாரணை முடியும்வரை உங்கள் நாலாம் வகுப்பை நான்தான் நடத்துகிறேன். மேசையிலிருந்த ரப்பர் குழாயை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் படிக்கிறார்கள்.

நேற்று இஹ்ஸானின் அப்பா வந்தார்.

"சார் அடிச்சு கை ஒடஞ்சது விதி, டீச்சர். 'நீங்க அறுங்க, தோலை நாங்க உரிக்கிறோம்'னு அடிக்க உரிமை கொடுத்துத்தானே பொண்ணைச் சேர்த்தோம்? எவன் புகார் கொடுத்தானோ!"

பக்கத்தில் இஹ்ஸான் மாவுக்கட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நான்தாங்க கொடுத்தேன்" என்றேன்.

உங்களுக்கும் இப்போதுதான் சொல்கிறேன். அன்று வகுப்பில் நான் பார்த்ததை வியாழக்கிழமை விசாரணையில் அப்படியே சொல்வேன். நீங்களும் மறைக்காதீர்கள். முடிந்ததும் வாசலில் நிற்பேன். சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்.

உங்கள் மனைவி