துரைக்குத் துணை தேடிய கதை

மாமா,

இன்று காலை ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டபோது உங்கள் மீன் தொட்டி நின்ற இடம் வெளியே வந்தது. இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களும் மொசைக் தரையில் விட்டுப்போன துருக்கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உங்கள் சாமான் இல்லையா, உங்களைப் போலவே பிடிவாதம்.

2006-ல் சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது, துரை எனக்கு ஆறு மாதம் முன்பே அங்கே வந்துவிட்டான். நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் மீன். வாஸ்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கினீர்களாம். கண்ணாடிக்கு வெளியே யார் விரல் நீட்டினாலும் முட்ட வருவான். அவனுக்கும் உங்களுக்கும் குணத்தில் ஒரே ஜாடை. அத்தை காலமாகி அப்போது இரண்டு வருடம். "ஒண்டியா கெடக்கிறான் பாவம், ஒரு தொணை வேணும்மா" என்று நீங்கள் துரையைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

முதலில் இரண்டு தங்கமீன்கள். காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, தொட்டிக்குக் குங்குமம் வைத்து, என்னை ஆரத்தி எடுக்கச் சொன்னீர்கள். வலது காலை எடுத்து வைக்க அவற்றுக்குக் கால் இல்லாததுதான் குறை. ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வருவதற்குள் ஒன்றைக் காணோம். ராகுகாலம் தொடங்குமுன் மற்றதும் போயிற்று. நீங்கள் காலண்டரைத்தான் திட்டினீர்கள். துரையை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோடு போட்ட மீன்கள் ஆறு. திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. அவற்றோடு வாங்கி விட்ட, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்பு மீன் மட்டும் மோட்டாருக்குப் பின்னால் பதுங்கிப் பிழைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் பிள்ளை ஞாபகம்தான் வரும். நாம் சண்டை போடும்போது அவரும் பேப்பருக்குப் பின்னால் அப்படித்தான் இருப்பார்.

கடைசியில் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு மீன் கடையில் கேட்டீர்கள்.

"இது தனியா இருக்கிற ரகம் சார்" என்றார் கடைக்காரர். "சேத்து வெக்கணும்னா இதே சைசுல ஒண்ண விடுங்க. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற கல்லு, செடி எல்லாத்தையும் எடம் மாத்திடுங்க. பழசுக்கும் புது எடமா தெரிஞ்சாத்தான், இது என் வூடுன்னு அடிக்காது."

"அவன் வூட்டுல அவன் எதுக்குய்யா மாறணும்?" என்று கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டீர்கள்.

நம் சண்டை புளி ஜாடியில் வெடித்தது. கைக்கு எட்டட்டும் என்று நான் அதை அடுப்புப் பக்கம் வைப்பேன். விடிந்தால் அது மேல் தட்டில் இருக்கும். "ஒன் அத்தை வெச்ச எடம்மா அது" என்பீர்கள். ஜாடி மட்டுமா? கரண்டி, முறம், காபித்தூள் டப்பா எல்லாம் அத்தை வைத்த இடம். "அப்ப நான் எங்க மாமா நிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, தனிக்குடித்தனம் பார்த்தால் கூப்பிடுங்கள் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லி, பெட்டியோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். திரும்பி வருவதாகவே இல்லை மாமா. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் நீங்களே போன் செய்தீர்கள். "தொரைக்கு ஒரு ஆளு வந்திருக்கு. வந்து பாத்துட்டுப் போம்மா." அவ்வளவுதான். வைத்துவிட்டீர்கள்.

வந்து கதவைத் திறந்தால் வீடு மாறியதோ என்று நின்றுவிட்டேன். டிவி எதிர்ச் சுவரில். உங்கள் சாய்வு நாற்காலி ஜன்னலடியில். தொட்டிக்குள் கற்களெல்லாம் புரண்டு கிடக்க, துரை அளவுக்கே ஒரு ஆஸ்கார் மீன், வாலோரம் கொஞ்சம் கிழிந்து, உயிரோடு இருந்தது. அடுப்படியில் தட்டுகள் எல்லாம் காலி. சாமான் அத்தனையும் தரையில், பேப்பர் விரித்து.

"நீ அடுக்கும்மா. எது எங்கன்னு எனக்குத் தெரியவே கூடாது" என்றீர்கள். "ரெண்டு நாளா அதுங்களும் முழிச்சிக்கிட்டுத் திரியுது, நானுந்தான். காபித்தூள எங்க எறக்கி வெச்சேன்னு தெரியல, காபி குடிச்சே ரெண்டு நாளாச்சு."

சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது, காபித்தூள் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அதற்காக நீங்கள் மாறிவிடவில்லை. கடைசி வரைக்கும் உப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி என்று சண்டைதான். துரை போனான், அடுத்த வருடமே நீங்களும். இப்போது வீட்டில் சண்டை போட ஆளில்லை, பேப்பர்தான் இருக்கிறது.

நாளைக்கு அம்மா வருகிறாள் மாமா, இனி எங்களோடேயே இருக்க. தனியாக முடியவில்லை. அவளும் லேசுப்பட்ட ஆளில்லை, உங்களுக்குத் தெரியும். அதற்குத்தான் காலையிலிருந்து எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?" என்கிறார் உங்கள் பிள்ளை, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

எல்லாம் இறக்கியாயிற்று, புளி ஜாடி மட்டும் பாக்கி. அடுப்புப் பக்கம், இத்தனை வருடமாக நான் வைத்த இடம். தொடப் போனால் கை வரவில்லை. அத்தை வைத்த இடத்திலிருந்து இதை எடுக்க உங்களுக்கு எப்படிக் கை வந்தது மாமா?

இறக்கிவிட்டேன். அம்மா வந்து அடுக்கட்டும்.