பட்டிப்பொலவில் மிதந்த ரயில்

ஞாயிறு, இரவு

யாருமே நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். அக்கா மகன் சேகரும் அவன் மனைவி வசந்தியும் போனில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் எடுக்கிறார்கள். அவர்கள்தான் நாயகனும் நாயகியும். நான் சாப்பிட மட்டும் வந்துபோகும் மாமா. ஆனால் உடப்புசல்லாவை முதல் பூண்டுலோயா வரை கோடானுகோடி மக்கள் என்னைத்தான் கேட்கிறார்களாம்.

அந்தத் திமிரில் இன்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் எழுதாத வசனமொன்றை எடுத்துவிட்டேன். "கொழும்பு வேலைய விட்டுட்டு வந்த அன்னைக்கு மாப்பிள்ள பட்டிப்பொல ஸ்டேஷன்ல அழுத அழுகையில, எஞ்சின் இல்லாமயே ரயில் பதுளைக்கு மிதந்து போயிருச்சு."

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நெசமாவாங்க?" என்று அவனைக் கேட்டாள்.

சேகர் பால்மா டின்னில் சாய்த்துவைத்திருந்த போனை எடுத்து அணைத்தான். "இனிமே எல்லா வேஷத்தையும் நீங்களே போடுங்க மாமா" என்று உள்ளே போனவன் சாப்பிடவும் வரவில்லை.

மருமகனைக் கேலி செய்வது மாமனின் உரிமைதான். ஆனால் அவன் வேலையை விடவில்லை, கொழும்புக் கடைக்காரர்தான் அவனைத் துரத்திவிட்டார் என்பது வசந்திக்குத் தெரியாது. வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, எங்கள் ஸ்டேஷனான ஹட்டனில் இறங்காமல் பட்டிப்பொல வரை போய் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் போனில் கூப்பிட்டான். நான் போய்ச் சேர்ந்ததும், "அவகிட்ட சொல்லிறாதீங்க மாமா" என்றான். தலையாட்டிவிட்டுத்தான் அழைத்து வந்தேன்.

நாளைக்கு வசந்தி கேட்டால், எல்லாம் என் புளுகு என்று சொல்லிவிடுவேன். என்னை அறிந்தவள், நம்பிவிடுவாள். ரயில் மிதந்தது புளுகுதான்.

அவன் அழுதது மட்டும் உண்மை.