உலை ஆறும்வரை

பாப்பாவுக்கு,

வரமாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. இப்போது கிளம்ப முடியாது என்றுதான் சொன்னேன், அதற்குள் போனை வைத்துவிட்டாய். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அலுப்பைத் தவிர. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமென்றால் போதும். கால் வீக்கம் வடிந்ததா? மாப்பிள்ளை சமைக்கிறாராமே, குறை சொல்லாமல் சாப்பிடு.

ஏன் முடியாது என்று கேட்டாய். சூரியனைப் போல அணுக்களை இணைக்கும் ரியாக்டருக்கு உள்சுவர் செய்கிறோம். நெருப்பைப் பார்த்து நிற்பது டங்ஸ்டன் வில்லை, அதன் முதுகில் தண்ணீர் ஓடும் செம்புக் குழாய். சூட்டில் செம்பு தாராளமாக விரியும், டங்ஸ்டன் அசையவே யோசிக்கும். ஒட்டும்போது தகராறில்லை. ஆறும்போதுதான். ஒன்று சுருங்கும், மற்றது மறுக்கும், விரிசல். அதனால் இடையே மெத்தென்ற செம்புத் தகடு வைத்து, காற்றில்லாத உலையில் ஒட்டவைத்து, ஆமை வேகத்தில் ஆறவிட வேண்டும்.

உலையைப் பார்த்துக்கொள்பவரை உனக்குத் தெரியும், அடுப்பு என்று கூப்பிடுவோமே, அவர்தான். உன்னிடம் வர நான் பெட்டி கட்டியது தெரிந்து, துண்டு சீக்கிரம் ஆறட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் குளிர்வாயுவைத் திறந்துவிட்டார். கதவைத் திறந்தால் வில்லை தனி, குழாய் தனி. பொண்ணுகிட்ட நேரத்துக்குப் போய்ச் சேரணும்ல அக்கா, அதான் அவசரப்பட்டுட்டேன் என்றார். தலையில் கைவைத்து உட்கார்ந்தவரை எப்படித் திட்டுவது? டிக்கெட்டை ரத்து செய்தேன். அன்றிலிருந்து அவர் உலையைத் தொடுவதில்லை, இனி நீங்களே பாத்துக்குங்கக்கா என்கிறார். இந்த வேலை தெரிந்த வேறு ஆளில்லை. நீங்க இல்லாம எப்படி மேடம் என்கிறார் மேலாளர். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது, லீவு கிடையாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

அப்பா பெட்டியை வாசலோரம் வைத்தவர் எடுக்கவே இல்லை. செய்தித்தாளெல்லாம் இப்போது அதன்மேல். இடிக்காம நடக்கத் தெரியாதா என்று என்னைக் கேட்கிறார்.

அடுத்த துண்டு உள்ளே இருக்கிறது. எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். வெப்பமானியில் எண் இறங்குவதே தெரியவில்லை, முதுகு விண்ணென்று வலிக்கிறது. அடுப்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிறார், உள்ளே வருவதில்லை. சற்றுமுன் டீ கொடுக்க மட்டும் உள்ளே வந்தவர், வாயு வால்வை மூடித்தானே வெச்சிருக்கீங்க என்றார். மூடியிருக்கிறது என்றேன். நம்பாமல் தானே போய்த் திருகிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு. இந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் அவசரப்பட மாட்டார்.

தண்ணீர் நிறையக் குடி, தனியாக மாடிப்படி இறங்காதே. வலி எடுத்தால் எனக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ. இரண்டு உயிரும் நல்லபடியாகத் தனித்தனியாகட்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மா

பி.கு. மேலே கையெழுத்துப் போட்டதும் அடுப்பை உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியைக் கொடுத்தேன். வால்வை இன்னொரு முறை திருகிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். டிக்கெட் எடுத்துவிட்டேன். இது உன் கைக்கு வருமுன் நானே வந்தாலும் வருவேன். வீட்டுக்கு வந்து, பெட்டிமேல் இருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தேன்.