செவ்வாய்க்கிழமைக்கு வேறு ஆள் இல்லை

ஜனவரி 7, செவ்வாய்

இந்தப் பருவம் முழுக்க மலையில் என் பின்னால் வரப்போகிறவர் யார் என்று ஜோலீன் இன்று சொன்னாள். லையல் ஹாஸ்கெல்.

"எந்த லையல்?" என்று கேட்டேன். இந்த ஊரில் ஒரு லையல்தான்.

"உங்களுக்குத் தெரியும் எந்த லையல்னு. போன வருஷமே பயிற்சி முடிச்சிட்டார். நல்லா பண்றார்."

"வேற யாரையாவது போடு."

"செவ்வாய்க்கிழமைக்கு வேற ஆள் இல்ல கான்ராட். ப்ரைஸ் இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டு ஃப்ளோரிடா போயிட்டார். சனிக்கிழமை ஆள் இருக்கு, இடம் இல்ல. வேணுமா, வேணாமா?"

நடக்க முடியாதவர்களையும் பார்வை இல்லாதவர்களையும் பனிச்சறுக்குக்கு அழைத்துப்போகும் இந்த அமைப்பைப் பத்து வருடமாக அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். சம்பளம் இல்லாத தொண்டர்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவருகிறாள். அவளை வெறுக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

வேணும் என்றேன். வேறென்ன சொல்வது? வாரத்தில் ஒரு காலை நேரம் மட்டும் இந்த உடம்பு நான் சொல்வதைக் கேட்கிறது. ஒற்றை ஸ்கீப் பலகையின் மேல் பொருத்திய நாற்காலி, இரண்டு கைகளிலும் நுனியில் குட்டி ஸ்கீ வைத்த கோல்கள். நான் சாய்ந்தால் அது திரும்புகிறது. என்னை யாரும் பிடிப்பதில்லை. கம்பியில் தொங்கியபடி மலைமேல் போகும் நாற்காலி லிஃப்டில் ஏற்றி இறக்கவும், விழுந்தால் தூக்கவும் ஒரு தொண்டர் கூட வர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு ஆள் இவனாகவா இருக்க வேண்டும்!

ஜனவரி 8

எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மறந்துவிடக் கூடாது. பள்ளி நிர்வாகக் குழுவில் என் வேலை குறித்து ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. தலைவர் எனக்கு எதிராகக் கையைத் தூக்கினார். வரலாற்று ஆசிரியர் வீட்டுக்குப் போனார். "மருத்துவ ஓய்வு" என்று அதற்குப் பெயர். தலைவர் பெயர் லையல் ஹாஸ்கெல்.

ஜனவரி 14, செவ்வாய்

அவனோடு முதல் நாள். எழுபது வயதுக்கு நன்றாகவே சறுக்குகிறான், சனியன்.

"என்ன வாத்தியாரே, என்னைப் பார்த்ததும் மூஞ்சி கடுகடுன்னு ஆயிடுச்சு?"

"குளிர் தலைவரே. வேற ஒண்ணுமில்ல."

நான்கு தடவை இறங்கினேன். மூன்றாவதில், மரங்களுக்குள் வளையும் இடத்தில், நல்ல வேகம். முகத்தில் பனித்தூள் அடித்தது. கீழே வந்து நின்றபோது நெஞ்சு படபடத்தது. எனக்கு வயது ஐம்பத்து நாலு என்பதே மறந்துபோனது. மற்ற தொண்டர்களாக இருந்தால் இந்நேரம் கையைத் தட்டி, "அற்புதம்! கலக்கிட்டீங்க!" என்று குதித்திருப்பார்கள். கரண்டியைக் கீழே போடாமல் சூப் குடித்தாலே அவர்களுக்கு நான் அற்புதம்தான்.

இவன் சொன்னது: "வலது பக்கம் லேட்டா திரும்புற."

உண்மைதான். வலது கை கொஞ்ச நாளாக மந்தம். அதை இவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 19

ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க முடியவில்லை. தொடைகளுக்கு இடையில் வைத்து, துணியைச் சுற்றி, பல்லைக் கடித்து — முடியவில்லை. திரும்பவும் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். என் மனைவி கோரின் இந்த வீட்டை விட்டுப் போகும்போது எல்லாப் பொருளையும் என் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கிவிட்டுப் போனாள். எவ்வளவு அக்கறை! கூடவே இருந்து எடுத்துக் கொடுப்பதுதான் முடியவில்லை.

நரம்பை அரிக்கும் இந்த நோய் கால்களோடு திருப்தி அடையும் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

லிஃப்டில் என்னை உட்காரவைத்ததும் என் ஸ்கீ நாற்காலியையும் லிஃப்ட் நாற்காலியையும் ஒரு சின்ன வாரால் இணைப்பார்கள். வழியில் நான் சரிந்து விழாமல் இருக்க. மேலே இறங்குமிடம் நெருங்கும்போது அதன் கொக்கியைக் கழற்ற வேண்டும். கழற்றுவது தொண்டர் வேலை. அது விதி.

"நானே கழட்டிக்கிறேன்," என்றேன். ப்ரைஸ் இருந்தபோதும் நான்தான் கழற்றுவேன்.

"விதி அப்படி இல்லியே."

"விதின்னா உங்களுக்கு உசிராச்சே தலைவரே. கட்டைவிரலால ஒரு அமுக்கு. அதுக்கும் ஓட்டெடுப்பு வைக்கணுமா?"

அவன் முகம் சிவந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

கடைசிக் கம்பம் வந்தது. அமுக்கினேன். கட்டைவிரல் அமுங்கவில்லை. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு மறுபடி அமுக்கினேன். விரல் அங்கேதான் இருந்தது, என் கண் முன்னால், கொக்கியின் மேல். நான் அமுக்கு அமுக்கு என்கிறேன். அது வேறு யாருடைய விரலோ போல சும்மா கிடந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "லையல், முடியல" — இரண்டு வார்த்தை. சொல்லவில்லை.

"ரெடியா?" என்றான். "ரெடி," என்றேன்.

அவன் என்னைத் தூக்கித் தள்ளினான். ஸ்கீ பனியைத் தொட்டது. வார் இழுத்தது. லிஃப்ட் நாற்காலி பெரிய சக்கரத்தை நோக்கித் திரும்ப, நானும் அதோடு பக்கவாட்டில், கசாப்புக் கடை மாட்டுத் தொடை மாதிரி தொங்கிக்கொண்டு போனேன். லிஃப்டைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கம்பியில் ஸ்கீ இடித்ததும் எல்லாம் நின்றது. லையல் விழுந்து எழுந்து ஓடிவந்து, எனக்கடியில் தோளைக் கொடுத்துத் தாங்கினான். அவன் மூச்சு வாங்குவது என் காதுக்குள் கேட்டது. லிஃப்ட்காரப் பெண் கத்தியோடு வந்து வாரை அறுக்கும் வரை அப்படியே நின்றான்.

மலை முழுக்க லிஃப்ட் நின்றுவிட்டது. கீழே வரிசையாகத் தொங்கியவர்களில் ஒருத்தர் கத்திக் கேட்டார்: "என்னாச்சு அங்க?"

இன்னொருத்தர் பதில் சொன்னார்: "ஒண்ணுமில்ல. முடியாதவங்க யாரோ மாட்டிக்கிட்டாங்க."

அடி ஒன்றும் இல்லை. ஒரு சிராய்ப்பு கூட இல்லை.

ஜனவரி 29

எழுத மறந்தது, இல்லை, எழுதாமல் விட்டது. நேற்று அடிவாரத்தில் இருக்கும் அமைப்பின் குடிலுக்கு வந்ததும் ஜோலீன் எங்கள் இருவரையும் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

"கொக்கி உறைஞ்சுபோச்சு," என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

"உறையல," என்றான். "அவன் கட்டைவிரல் வேலை செய்யல. நான் கழட்டியிருக்கணும், விட்டுட்டேன். அது என் தப்பு, என்னை என்ன வேணா பண்ணு. ஆனா விரல் வேலை செய்யல ஜோலீன். உனக்கு அது தெரியணும்."

இன்று ஜோலீனின் ஃபோன். இனி ஒற்றை ஸ்கீ கிடையாது. இரட்டை ஸ்கீ வைத்த அகல நாற்காலி. பின்னால் தொண்டர் இரண்டு வார்களைப் பிடித்தபடி வந்து திருப்புவார், நிறுத்துவார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சுமை மாதிரி," என்றேன்.

"அப்படி சொல்லாதீங்க கான்ராட்."

"வேற எப்படிச் சொல்றது? சொல்லிக் கொடு."



பிப்ரவரி 1

ரெண்டாவது தடவ. ரெண்டாவது தடவ கையத் தூக்கிட்டான் எனக்கு எதிரா! ஒரு மனுஷனுக்கு எத்தன தடவதான் வேலய புடுங்குவ? வகுப்ப புடுங்கின. சரி. இப்ப இந்த மலையும் உனக்கு வேணுமா? ஒரு பொய். ஒரே ஒரு சின்னப் பொய் எனக்காகச் சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?

பிப்ரவரி 4, செவ்வாய்

போகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

போகவில்லை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. ஜன்னலில் இருந்து பார்த்தால் மலை முழு வெள்ளை. மேலே லிஃப்ட் நகர்வது கூடத் தெரிகிறது. திரைச்சீலையை இழுக்கும் கயிறு கைக்குள் நிற்காமல் நழுவுகிறது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 13

வாசல் சாய்தளத்தில் யாரோ பனி வாரும் சத்தம். அவன்தான். கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். குளிரில் ஒரு கிழவன் செத்தால் பழி எனக்கு வரும் என்று திறந்தேன்.

காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். காப்பி தரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"செவ்வாய்க்கிழமை வருவியா மாட்டியான்னு கேக்க. வரலைன்னா உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கணும். ஜோலீனுக்கு உன்கிட்ட கேக்க வாய் வரல."

"உங்களுக்கு வாய் நல்லா வருது."

"ஆமா."

அப்போது கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் தொண்டைக்குள் கிடந்தது. "அந்த ஓட்டு. ஒரு நாளாவது வருத்தப்பட்டதுண்டா?"

யோசித்தான். உடனே பதில் சொல்லியிருந்தால் துரத்தியிருப்பேன்.

"படியில ரெண்டு தடவ விழுந்த, பசங்க முன்னாடி. ரெண்டாவது தடவ ஒரு பொண்ணு உனக்கடியில மாட்டிக்கிட்டா. நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அந்த ஓட்ட இன்னிக்கு வெச்சாலும் அப்படியேதான் போடுவேன் வாத்தியாரே. போட்டுட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பிடல. அது உன் கேள்விக்கு பதிலான்னு தெரியல."

"இல்ல," என்றேன்.

"சரி," என்று எழுந்து காலணியை மாட்டிக்கொண்டான். குனிந்து கட்ட நேரமானது. வாசலில் நின்றபடி, "செவ்வாய் ஒம்பது மணி. வண்டி கொண்டு வரவா?"

கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் டேலியா. அவளுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வண்டி வந்தது. போனேன்.

அகல நாற்காலியில் மார்பு வரை பட்டை போட்டுக் கட்டினார்கள். மூட்டை. லையலுக்குத் திரும்பவும் பரீட்சை வைத்து, தேறிய பிறகுதான் வாரைக் கையில் கொடுத்திருக்கிறாள் ஜோலீன். பக்கத்தில் புதிதாக வந்த தொண்டர் ஒருத்தி கண் விரியச் சிரித்தாள்: "நீங்க தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறீங்களோ அந்தப் பக்கம் போகும்! நீங்கதான் ஓட்டுறீங்க!"

கிளம்பினோம். இடது பக்கம் சாய்ந்தேன். நாற்காலி வலது பக்கம் போய்விட்டு, அப்புறம் இடது பக்கம் வந்தது.

பாதியில் நின்றபோது கழுத்தைத் திருப்பாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. இப்ப திருப்புனது நானா, நீயா?"

"நான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. உன் சாய்வு எனக்கு வார்ல வந்து சேரவே இல்ல."

புதியவளுக்கு முகம் செத்துப்போனது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காற்றால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு கோலையும் மடியில் வைத்துக்கொண்டேன். "அப்போ நல்லா திருப்பு," என்றேன். "மரத்துப் பக்கம் போ. மெதுவா போகாத."

மெதுவாகப் போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

போனோம். பேனாவைச் சுற்றி ரப்பர் மாட்டியிருக்கிறேன். இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 23

கை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்கிறேன், லையல் எழுதுகிறான்.

பருவம் முடிந்து, மலையை ஞாயிறோடு மூடிவிட்டார்கள். ரோடெல்லாம் சேறு. இன்றைக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒன்பது மணிக்கு வந்து நின்றான். "எதுக்கு வந்த?" என்றேன். "செவ்வாய்க்கிழமை," என்றான்.

பேசினால் ஃபோனே எழுதிக்கொள்ளும் என்று ஜோலீன் சொன்னாள். எனக்குத் திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். முந்தைய பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். புரட்டினால் அவனுக்குத்தான் கஷ்டம்.

எழுது: லையல் ஹாஸ்கெல் பிடிவாதம் பிடித்த கிழவன். எனக்குச் செய்தது அநியாயம். நான் மன்னிக்கவில்லை.

(எழுதிவிட்டேன். அநியாயம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. — லை.)

நடுவில் உன் கருத்தை நுழைக்கக் கூடாது என்றேன். காப்பி ஆறுகிறது என்றான். கோப்பையை அவனே என் வாயருகில் பிடித்தான். சூடு சரியாக இருந்தது. அதையும் எழுதச் சொன்னேன்.

இந்த வாரம் டாக்டரிடம் போய்வந்தேன். இடது கையும் அதே வழியில்தான் போகிறது என்றார். அடுத்த குளிர்காலத்துக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்து, "சிரமம்னுதான் எழுதணுமா?" என்று கேட்கிறான்.

இல்லை. அதை அடித்துவிடு. பயமாக இருக்கிறது என்று எழுது.

(எழுதிவிட்டேன்.)